எவாரிஸ்டஸ் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட வாரம்

எவாரிஸ்டஸ் டாபுவோ பிறந்த அன்று கறுப்பு வோல்டா ஆறு இரண்டு நிமிடம் ஓடாமல் நின்று, பிறந்தது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் மறுபடி ஓடியது. கானாவின் நாந்தோம் சந்தையில் அவன் தும்மினால் எல்லைக்கு அந்தப்பக்கம் புர்க்கினாக்காரர்களின் தொப்பி பறக்கும். அவன் நடந்த மண் தன் நீள அகலத்தைத் தானே ஒப்பித்துவிடும். அதனால்தான் வா நகரத்துப் பல்கலைக்கழகத்தின் நில அளவைப் படிப்பு, விண்ணப்பம் போட்டு அவனிடம் வந்து சேர்ந்தது.

இப்பேர்ப்பட்டவனுக்குத் தன்னைப் பற்றி நாலு வரி எழுத மூன்று வாரம் ஆனது.

இதில் அவனுடைய தங்கை குளோத்தில்டாவும் வருவாள். பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவளும் ஒருவருக்கொருவர் விடை கொடுத்துக்கொண்டார்கள். அம்மாவோடு சேர்ந்து சோளத்தில் பீட்டோ என்கிற நாட்டு பீர் காய்ச்சி விற்கிறாள். இதை எழுதுவதும் அவள்தான். ஆனால் ‘நான் நான்’ என்று எழுதும்போது பொய் சொல்லக் கை கூசுகிறது. ஆகவே மற்றவர்களைப் போல அவளும் இங்கே ‘அவள்’தான்.

போன மழைக்காலத்தில் நிலக்கடலைத் தோட்டத்தில் வைத்து அம்மாவைப் பாம்பு கடித்தது. எவாரிஸ்டஸ் வாவில் இருந்தான். சுகாதார நிலையத்திலிருந்து மருந்தோடு நர்ஸ் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார், அதில் குறையில்லை. ஆனால் அவர் கைப்பேசியில் இருந்த வரைபடத்தில் எங்கள் ஊர் காபாரி இல்லை. இருபத்தாறு வீடு, ஒரு அடிபம்பு, ஒரு சிற்றாலயம் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை. நர்ஸ் அந்தப் பச்சையைச் சுற்றிச் சுற்றி ஒன்றரை மணி நேரம் வந்தார். அம்மா பிழைத்துக்கொண்டாள். இடது காலில் இரண்டு விரல்தான் போனது.

“பாம்புக்கே நம்ம வீடு தெரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தெரியல பாரு” என்று பீட்டோ குடிக்க வருகிற எல்லாரிடமும் அம்மா சொல்வாள். குடிக்க வந்தவர்கள் சுரைக்குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். எவாரிஸ்டஸ் ஒருதரம்கூடச் சிரித்ததில்லை.

ஏப்ரல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு செய்தியோடு வந்தான். ‘விட்டுப்போன இடங்கள்’ என்று இணையத்தில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். உலகம் முழுக்க நாலாயிரம் பேர். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து வீடு, பாதை, கிணறு என்று வரைபடத்தில் வரைந்து வைக்கிறார்களாம். நர்ஸின் கைப்பேசி பார்ப்பது அந்த வரைபடத்தைத்தானாம்.

“சம்பளம் எவ்வளவு?” என்றாள் குளோத்தில்டா.

“கிடையாது. தன்னார்வம்.”

“சாப்பாடு?”

“கிடையாது.”

“ஒரு பனியனாவது?”

“கிடையாதுன்னு சொல்றேன்ல.”

“அப்ப நாலாயிரம் பைத்தியத்தையும் ஒரே இடத்துல பிடிச்சு வச்சிருக்காங்களா? நல்ல ஏற்பாடுதான், அண்ணே. போய்ச் சேரு.”

சேருவது அவ்வளவு லேசில்லை. முதலில் தன்னை அறிமுகப்படுத்தி எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு, நூறு வீடாவது வரைந்து முடித்த உறுப்பினர்கள் இரண்டு பேர் ‘ஏற்கிறேன்’ என்று போட வேண்டும். புதிதாக வந்தவர்கள் பயிற்சிக்கு விட்டிருக்கும் பெரு நாட்டு மலைச்சரிவில் வரைந்து பழகலாம். ஏற்கப்பட்டவர்களுக்குத்தான் சொந்தப் பகுதி. அந்தப் பகுதிகளை ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நண்பகலில் பிரித்துக் கொடுப்பார்கள். தவறினால் அடுத்த முறை மழைக்குப் பிறகு. மழைக்குப் பிறகு என்றால் எங்கள் ஊரில் பாம்புகளுக்குப் பிறகு என்று அர்த்தம்.

எவாரிஸ்டஸ் கறையான் புற்றின் மேல் ஏறி உட்கார்ந்தான். காபாரியில் சிக்னல் கிடைப்பது இரண்டே இடத்தில். ஒன்று இந்தப் புற்று. இன்னொன்று உபதேசியார் தோட்டத்து மாமரத்தின் மூன்றாவது கிளை. இரண்டாவது இடம் மாங்காய் திருடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

முதல் வாரம் முழுக்க எல்லார் வீட்டு நலத்தையும் விசாரித்தே ஒரு பக்கம் எழுதினான். “நாலாயிரம் பேரோட ஆடு மாடெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டிருக்கியே, அத்தனை பேரும் பதில் போட்டா நீ எப்ப வீடு வரைவ?” என்று குளோத்தில்டா கேட்டாள். அழித்தான். இரண்டாம் வாரம் பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் எழுதினான். அதையும் அழித்தான்.

“நான் சொல்றேன், எழுதிக்கோ. ‘நான் பிறந்த அன்று ஆறு நின்றது.’”

“போடி அங்கிட்டு.”

“உன்னைப் பத்தி உனக்கு ஒண்ணுமே சொல்லத் தெரியலையே, அண்ணே. இருபத்தோரு வருசமா உனக்குள்ள யாருதான் குடியிருக்கா?”

அவன் இறங்கிப் போய் முற்றத்தை அடி வைத்து அளந்தான். மனசு சரியில்லாவிட்டால் அவன் எதையாவது அளப்பான். வாசலிலிருந்து அடிபம்பு வரை நானூற்றுப் பன்னிரண்டு அடி. பம்பிலிருந்து சிற்றாலயம் அறுநூற்றேழு. ஊரில் அவன் கால் படாத, எண்ணாத தூரம் கிடையாது.

அந்த நாட்களில் குளோத்தில்டாவும் அடிக்கடி காணாமல் போனாள், அம்மாவின் பழைய கைப்பேசியோடு. திரும்பும்போது கண் சிவந்திருக்கும். “எவனோ ஒரு பய கிடைச்சிருக்கான்” என்று ஊர் பேசியது. அம்மா கண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டான். இதுதான் அது:

‘என் பெயர் எவாரிஸ்டஸ் டாபுவோ. கானாவின் வடமேற்கு மூலையில் காபாரி என்ற ஊர். நில அளவை படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. என்னிடம் ஒரு சைக்கிளும் அதன் டயரை ஒட்டும் பசையும் இருக்கின்றன. வரைபடத்தில் எங்கள் ஊர் பச்சையாக இருக்கிறது. நேரில் அப்படி இல்லை.’

சாயங்காலத்துக்குள் பதினோரு இதயக் குறிகள். பெரு நாட்டிலிருந்து யோலாண்டா என்கிற அம்மாள், ‘ஏற்கிறேன். என்னிடமும் சைக்கிள்தான்’ என்று எழுதியிருந்தார். ஒன்று கிடைத்தாயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி. எவாரிஸ்டஸ் அன்றைக்கு இரண்டு தரம் களி வாங்கிச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை காலையில் அந்தச் செய்தி வந்தது. ‘வணக்கம் சகோதரரே. நான் அகோல்கோ, போல்கட்டாங்காவிலிருந்து. பைக் மெக்கானிக். முந்நூறு வீடு வரைந்திருக்கிறேன். உங்கள் அறிமுகம் எனக்குப் பிடித்திருக்கிறது.’

அகோல்கோ என்று பெயர், போல்கட்டாங்கா என்று ஊர். வேறு என்ன வேண்டும்? ஆள் ஃப்ராஃப்ரா இனம். எவாரிஸ்டஸோ டகாபா. ஃப்ராஃப்ராக்காரனைப் பார்த்த டகாபாக்காரன் சும்மா வணக்கம் சொல்லிவிட்டுப் போனால், ‘நான் என்ன தப்புப் பண்ணினேன், ஏன் திட்டாமல் போகிறான்’ என்று அவன் வீட்டில் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிடுவான். இரண்டு இனமும் கேலிக்கு முறைக்காரர்கள்; ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள், நாய்க்கறிக்கு அவனையும் குடிக்கு இவனையும் இழுப்பார்கள். இழவு வீட்டில்கூட விடமாட்டார்கள், பிணத்தைப் பார்த்து ‘எழுந்திருடா சோம்பேறி’ என்பார்கள். மூன்று வாரமாக நாக்கு ஒட்டிக் கிடந்த எவாரிஸ்டஸுக்கு விரல் தானாக ஓடியது.

‘டேய் நாய்த்தலை திருடா! மனுசங்க கூடுற இடத்துல உன்னை யாருடா உள்ள விட்டது? உன் எசமான் வந்திருக்கேன், எந்திரிச்சு நில்லு. நீ வீடு வரையறியா, இல்ல எந்த வீட்டுல கொழுத்த நாய் கட்டியிருக்குன்னு குறிச்சு வச்சுக்கிறியா?’

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது.

‘அடடா, என் அடிமைக்கு எழுத்து வந்துடுச்சே! பீட்டோ பானை கழுவாம இங்க என்னடா பண்றே? நீங்க வரையற வீடெல்லாம் கோணலாத்தானே இருக்கும், காலையிலயே ஊத்திக்கிற கூட்டம்! அது சரி, நாய்த்தலையைப் பத்தி இவ்வளவு பேசறியே, வாலாவது எனக்கு மிச்சம் வச்சிருக்கியா?’

அவ்வளவுதான். மதியம் வரை முப்பத்தொரு செய்திகள். தன்னைப் பற்றி நாலு வரி எழுத வராதவன், முன்பின் பார்த்திராத ஒருவனின் தாத்தா எந்த நாயைத் துரத்திக்கொண்டு எந்தக் குளத்தில் விழுந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதினான். புற்றின் மேலிருந்து அவன் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. விடுமுறைக்கு வந்த பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தரம். ‘ஏற்கிறேன்னு போடுடா, திருட்டுப் பயலே’ என்று எவாரிஸ்டஸ் கேட்டான். ‘எசமான் சாப்பிட்டு வந்து போடுறேன், காத்திரு’ என்று அகோல்கோ சாப்பிடப் போனான்.

அவன் சாப்பிட்டு வருவதற்குள் இங்கெர் வந்துவிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்தவர், கூட்டத்தில் சண்டை வராமல் கண்காணிப்பவர். அவர் எழுதியது இப்படி இருந்தது:

‘இரு இனக்குழுவினரிடையே வெறுப்பைத் தூண்டும் உரையாடல் எங்கள் கவனத்திற்கு வந்துள்ளது. “அடிமை” என்ற சொல் பதினேழு முறை பயன்படுத்தப்பட்டுள்ளது. இருவரின் கணக்குகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன. உங்களில் எவருக்கேனும் உயிருக்கு ஆபத்து இருந்தால் உடனே தெரிவிக்கவும்.’

எவாரிஸ்டஸ் புற்றிலிருந்து இறங்கவில்லை, சரிந்தான்.

இங்கெருக்குத் தனியே ஒரு நீண்ட கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டான். எழுத எழுதக் குற்றம் அதிகமாகிக்கொண்டே போனது. அங்கே அகோல்கோவும் சும்மா இருக்கவில்லை. ‘அம்மணி, அவன் என் அடிமை. என் அடிமையை நான் திட்டாமல் வேறு யார் திட்டுவது? தயவுசெய்து அவனைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று எழுதி, அதன் நகலை இவனுக்கும் அனுப்பியிருந்தான். இங்கெர் அவனுக்கு ஒரு மனநல உதவி எண்ணை அனுப்பிவைத்தார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காணொளியில் விசாரணை என்றும் தெரிவித்தார்.

வெள்ளிக்கிழமை அவன் சாப்பிடவில்லை. முற்றத்தை அளந்தான், வேலியை அளந்தான், கட்டிப்போட்ட ஆட்டை அளந்தான்.

“ஏன்டா, முட்டையிட இடம் தேடுற கோழி மாதிரி சுத்துற?” என்றாள் அம்மா.

விஷயத்தைச் சொன்னான். அம்மா துடுப்பைப் பானைக்குள் விட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

“ஃப்ராஃப்ராக்காரனைத் திட்டினதுக்கா பஞ்சாயத்து? திட்டாம விட்டிருந்தாத்தானே பஞ்சாயத்து வைக்கணும்?”

“அவங்க ஊர்ல அப்படி இல்லம்மா.”

“அப்ப அவங்க ஊர்ல யாரு யாரைத்தான் திட்டுவாங்க? பாவம்.”

சனிக்கிழமை ஒன்பது மணி. எவாரிஸ்டஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புற்றின் மேல் உட்கார்ந்தான். திரையின் ஒரு கட்டத்தில் இங்கெர், நரைத்த தலை, பின்னால் புத்தக அலமாரி. இன்னொரு கட்டத்தில் அகோல்கோ. எண்ணெய்க் கறை படிந்த சட்டைக்கு மேலே ஒரு கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். இருவரும் பிணம் தூக்க வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு இங்கெரின் கேள்விகளுக்கு ‘ஆமாம் அம்மணி’, ‘இல்லை அம்மணி’ என்றார்கள். அந்த மரியாதையைப் பார்த்து இங்கெருக்கு இன்னும் பயம் வந்ததுபோல இருந்தது.

அம்மா விந்தி விந்திப் புற்றின் அருகே வந்தாள். எவாரிஸ்டஸின் தோள் வழியாகத் தலையை நீட்டினாள்.

“இவன்தானா அந்த நாய்த்தலை? கழுத்துல என்ன, சங்கிலியா? எந்த நாய்கிட்டேருந்துடா கழட்டின?”

அகோல்கோவின் முகம் ஒரு நொடி தாக்குப்பிடித்தது. அப்புறம் உடைந்தது. மேசையில் கவிழ்ந்து சிரித்தான். எவாரிஸ்டஸ் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“அம்மா, என் அடிமையைப் பெத்த மகராசி!” என்றான் அகோல்கோ, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கால் எப்படி இருக்கு? அந்த ரெண்டு விரல் போன இடம் மழைக்கு இழுக்குதா? ஷியாக்கொட்டை எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கிறீங்களா? இவன் அன்னைக்கே எழுதியிருந்தான். அதுலேருந்து எனக்கு அதே நினைப்புதான்.”

அம்மா புற்றைப் பிடித்துக்கொண்டு இடது காலை மெல்ல ஊன்றிப் பார்த்தாள். பிறகு, “இழுக்குதுடா, திருட்டுப் பயலே” என்றாள். அதைச் சொன்ன குரல் வேறாக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த இங்கெர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இவர்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டார். குளோத்தில்டாதான் மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் உள்ளதையே சொன்னாள்.

“அப்படியென்றால், திட்டுவது அன்பு?”

அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. அவள் யோசித்தாள். “பழக்கம் இல்லாதவனை எதுக்குத் திட்டி நேரத்தை வீணாக்கணும்னு கேளு.”

“நானும் திட்டலாமா?” என்றார் இங்கெர். விளையாட்டாகக் கேட்டதுபோலத் தெரியவில்லை.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அந்த அம்மாவுக்கு இன்னும் அந்தத் தகுதி வரல. ஆனா வரும்னு சொல்லு. முகம் நல்ல முகம்.”

பத்து மணிக்குள் இருவரின் கணக்கும் திறந்துவிட்டது. கூடவே ஓர் இடியும் இறங்கியது. புகாரில் சம்பந்தப்பட்ட ஒருவர் மற்றவருக்கு ‘ஏற்கிறேன்’ போடக் கூடாதாம். அது விதியாம். தன்னால் அதை மாற்ற முடியாது என்று இங்கெர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நண்பகலுக்கு இரண்டு மணி நேரம். கையில் இருப்பது யோலாண்டா மட்டும். சனிக்கிழமையில் ஐரோப்பா ஊர்சுற்றப் போயிருக்கும், அமெரிக்கா இன்னும் தூங்கி எழுந்திருக்காது.

குளோத்தில்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குது” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனாள்.

“மாங்காய் தின்னா வலிக்காம என்ன செய்யும்?” என்றாள் அம்மா.

பத்தரை. பதினொன்று. எவாரிஸ்டஸ் திரையைத் தொட்டுத் தொட்டுப் புதுப்பித்தான். பதினொன்றரை. வெயிலில் கைப்பேசி கொதித்தது. அவன் அதை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, பச்சையாக இருந்தாலும் ஊர் ஊர்தானே என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். நம்ப முடியவில்லை. மறுபடி எடுத்தான்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. புதிதாக ஒரு வரி.

எழுதியிருந்தவர் பெனடிக்ட் குபோல். வா நகரத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது அறுபத்தொன்று, மூட்டுவலிக்காரர். மிகச் சிறந்த மனிதர், அறிவாளி, அந்தக் காலத்தில் நல்ல அழகராகவும் இருந்திருக்க வேண்டும். அவர் எழுதியது:

‘ஏற்கிறேன். இந்த இளைஞனுக்குத் தன்னைப் பற்றிப் பேசத் தெரியாது. ஆனால் தன் ஊரைக் காலாலேயே அளந்து வைத்திருப்பவன். அவனுக்குக் கொடுக்காத இடத்தை வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்?’

நண்பகலில் காபாரி எவாரிஸ்டஸின் பெயருக்கு வந்தது.

ஒன்பது நாளில் இருபத்தாறு வீட்டையும் வரைந்தான். முதலில் எங்கள் வீடு. பிறகு பம்பு, சிற்றாலயம், நிலக்கடலைத் தோட்டத்து வரப்பு. கோணல் இருக்கிறதா என்று அகோல்கோ ஒவ்வொன்றாகச் சோதித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வசை வைத்தான். அடுத்த வாரம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட நர்ஸ் வந்தார். யாரிடமும் வழி கேட்காமல் நேரே வாசலில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“வாம்மா, வா” என்றாள் அம்மா. “பாம்பு அளவுக்கு முன்னேறிட்டீங்க.”

எவாரிஸ்டஸ் அன்றைக்குச் சிரித்தான்.

பெரியவருக்கு நன்றி சொல்லாமல் விட முடியுமா? உயிருள்ள கினிக்கோழி ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் எங்களிடம் அது நன்றி. வாவில் வீடு எங்கே என்று எழுதிக் கேட்டான். மூட்டுவலி என்று பதில் வந்தது. அடுத்த வாரம் வரட்டுமா என்றான். பேத்தி கல்யாணம் என்றார். அதற்கடுத்த வாரம்? கோழி இறகு பட்டால் தும்மல் வரும் என்றார். பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய மனிதர்களுக்கு எத்தனை தொந்தரவு என்று.

இந்த இடம்வரை குளோத்தில்டா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதிவிட்டாள். அப்போது எவாரிஸ்டஸ் வந்து கால் கட்டிய ஒரு கினிக்கோழியை அவள் மடியில் வைத்தான்.

“தலைமையாசிரியர் ஐயாவுக்கு.”

“யாருக்கு?”

அவன் கைப்பேசியை நீட்டினான். வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு புதுப் பாதை. உபதேசியார் வேலியின் ஓட்டை வழியாக நுழைந்து, மாந்தோப்புக்கு அடியில் போய்ப் பெரிய சாலையில் ஏறியது. வரைந்தவர்: பெனடிக்ட் குபோல்.

“மரத்துக்குக் கீழ இருக்கிற பாதை வானத்துலேருந்து தெரியாது. மூட்டுவலிக்காரர் அந்த ஓட்டைக்குள்ள எப்படி நுழைஞ்சாரு?”

“நர்ஸுக்கு ஏழு நிமிசம் மிச்சம்” என்றாள் அவள்.

“அவர் வரைஞ்ச பெரு நாட்டு வீடெல்லாம் பார்த்தேன். தொண்ணூத்தொரு வீடு நேரா இருக்கு. கடைசி ஒன்பதும் சனிக்கிழமை பத்தேகாலுக்கும் பதினொண்ணு அம்பதுக்கும் நடுவுல வரைஞ்சது. எல்லாம் கோணல். கிளை ஆடுச்சோ?”

“நாலாயிரம் பைத்தியமும் உன்னை ஏமாத்துதான்னு பார்க்கத்தான் உள்ள போனேன்.”

“சரி. அறுபத்தொரு வயசு எதுக்கு?”

“ஒன்பதாவதோட நின்னவளை யாரு ஏத்துக்குவா?”

அவன் நோட்டை அவள் கையிலிருந்து எடுத்தான். முதல் வரியிலிருந்து படித்தான். ஆறு நின்ற இடத்தில் ஒருதரம் அவளைப் பார்த்தான். மெதுவாகக் கடைசி வரை வந்தான்.

“அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாமரத்துல ஏதோ தேம்பித் தேம்பி அழுதுச்சுன்னு அம்மா சொன்னாங்களே. அதை எழுதலையே?”

“அது கினிக்கோழி” என்றாள் குளோத்தில்டா.

“கினிக்கோழியை நான் நேத்துதான் வாங்கினேன்” என்றான் எவாரிஸ்டஸ்.